அந்த ஜோடிச் செருப்புக்காக ஒரு நன்றி மடல்

சனிக்கிழமை மண் வகுப்பில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்த எல்லோருக்கும்,

வணக்கம். போன வாரம் சூளையிலிருந்து வந்த என் மண் செருப்பு ஜோடியைக் கையில் வாங்கியதும் நான் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டேன். நீங்கள் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் ஒரு வாரமாக மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

தம்பி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் நாலு மாதம் எனக்கு அழுகையே வரவில்லை. பேச்சும் குறைந்துபோனது. யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் பதில் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும். அப்போதுதான் என் தோழி, "சும்மா வந்து உட்காரு, ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து உங்கள் மேசையில் விட்டாள். அவளுக்கு மண்ணில் கை வைக்கவே பிடிக்காது. ஆனாலும் முதல் ஆறு வாரமும் இரண்டு மணி நேரம் வாசலில் காத்திருந்து என்னைத் திரும்பக் கூட்டிப் போனாள். முதல் நன்றி அவளுக்கு.

டீச்சர், அன்றைக்கு நீங்கள் என்னைச் சக்கரத்தில் உட்கார வைக்காததற்கு நன்றி. சக்கரத்தில் மண் நடுவில் நிற்க வேண்டுமென்றால் கையில் நிதானம் வேண்டும். என்னிடம் அது இல்லை. உள்ளங்கை அளவு மண்ணைக் கொடுத்து, "கட்டைவிரலை நடுவுல இறக்குங்க, அடியில கொஞ்சம் கனம் விட்டுட்டு, சுத்திக்கிட்டே கிள்ளிக்கிட்டு வாங்க" என்றீர்கள். கை நடுங்கினால் நடுக்கம் சுவரில் பதிந்தது, அவ்வளவுதான். கிண்ணம் சரியவில்லை.

அந்தக் கிண்ணத்தை ஈரத் துணியால் தேய்த்து வழவழப்பாக்கப் போனேன். நீங்கள் தடுக்கவில்லை, பக்கத்தில் நின்று ஒரு கதை மட்டும் சொன்னீர்கள். செக் நாட்டில் டோல்னி வெஸ்டோனிட்சே என்ற இடத்தில் 1925-ல் ஒரு சின்னப் பெண் உருவம் கிடைத்தது, சுட்ட மண்ணால் ஆனது, 25,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது, அதன் மேல் ஒரு பிள்ளையின் விரல் ரேகை இன்னும் பதிந்திருக்கிறது என்று. நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் முகங்கள்தான் செய்தேன். எல்லாம் அவன் முகம். ஒன்றுகூட அவனாக வரவில்லை. வராத ஒவ்வொன்றையும் அப்போதே நசுக்கி வாளியில் போட்டுவிடத் தோன்றும். "ஈரமா போட்டா கட்டி கட்டியா அப்படியே கிடக்கும். நல்லா காயட்டும், அப்புறம் தண்ணியில போடுங்க, தானா கரையும்" என்றீர்கள். மண்ணுக்கான யோசனைதான் அது. ஆனால் அதனால் நான் ஒவ்வொரு முகத்தையும் ஒரு வாரம் அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. காய்ந்தபின் தண்ணீரில் இறக்கினால் முதலில் மூக்கு போகும். சின்னச் சின்னக் குமிழிகள் சத்தத்தோடு மேலே வரும். கன்னம் செதில் செதிலாகச் சரியும். கொஞ்ச நேரத்தில் அடியில் வெறும் சேறு. அதைச் சாக்கில் பரப்பி, பதம் வந்ததும் பிசைந்து, அடுத்த முகத்தை அதே மண்ணில் செய்தேன்.

நாலாவது முகம் கரையும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் ஓடி வரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் ஒரு பழைய துண்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தன் மண் திரியை உருட்டப் போய்விட்டார். அது யாரென்று எனக்குத் தெரியும். ஐயா, உங்களுக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தீராது. அந்தத் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஜாடிக்கார அம்மாவிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும், நன்றியும் சொல்ல வேண்டும். கரைக்காமல் வைத்திருந்த ஒரே முகத்தை நான் அவசரப்பட்டுச் சூளைக்குக் கொடுத்தேன். மூன்று விரல் கனம், உள்ளே குடையவே இல்லை. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே ஈரம். காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்றுதான் நானும் கேட்டிருந்தேன். வெடிக்க வைப்பது ஈரம் என்று சூளைக்கார அண்ணன் அப்புறம் புரிய வைத்தார். 100 டிகிரியைத் தாண்டினால் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும், கனமான சுவரில் அதற்கு வழி கிடைக்காது. என் முகம் வெடித்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் ஜாடிக் காதையும் உடைத்துவிட்டது. திரி திரியாக அடுக்கி ஒரு மாதம் வனைந்த ஜாடி. அம்மா, நீங்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தீர்கள், என் முகத்தின் துண்டுகளைத் தனியாக ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்தீர்கள். அப்புறம் உட்கார வைத்து, தலையைக் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, விளிம்புகளைக் கீறி, மண்குழம்பு தடவித் திரும்ப ஒட்டவும், ஆவி போக ஊசித் துளை போடவும் சொல்லிக் கொடுத்தீர்கள். ஜாடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

முகத்தை விட்டுவிட்டு நான் செருப்புக்கு வந்தது அதற்கப்புறம்தான். அவன் கட்டிலுக்கு அடியில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி அப்படியே கிடந்தது. வலது குதிகால் பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்தது, அவன் கொஞ்சம் சாய்ந்து நடப்பான். மண்ணைப் பலகை போலத் தட்டித் தேய்த்து, செருப்பை அதன் மேல் வைத்து, ஊசியால் சுற்றி வரைந்தேன். 28 சென்டிமீட்டர். டீச்சர் எட்டிப் பார்த்து, "இந்த மண்ணு காஞ்சு, ரெண்டு சூடும் முடியும்போது 12 விழுக்காடு சுருங்கும். இதே அளவு வேணும்னா 32-க்கு வெட்டணும்" என்றார். வேண்டாம், அவன் கால் ஓரம் எதுவோ அதுதான் என் கோடு என்றேன். "சரி" என்றார். அதோடு விட்டுவிட்டார். அளவு தெரிந்தவருக்கு அப்படி விட்டுவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது புரிகிறது.

வார் மெல்லியது, அடி கனம். மெல்லியது சீக்கிரம் காய்ந்து இழுத்தால் ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். அதனால் வாருக்கு மட்டும் பிளாஸ்டிக் சுற்றி மூன்று வாரம் மெதுவாகக் காய வைத்தோம். நான் வர முடியாத நாட்களில் வந்து, பிளாஸ்டிக்கைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்ட கல்லூரித் தம்பிக்கு என் அன்பு. நீ ஒவ்வொரு தடவையும் "வார் நல்லா இருக்கு அக்கா" என்று அனுப்பிய செய்திகளை நான் அழிக்கவே இல்லை.

சூளைக்கார அண்ணா, என் செருப்புக்காக நீங்கள் இரவு முழுக்கச் சூட்டை 100-க்குக் கீழேயே வைத்திருந்தீர்கள். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று உப்பும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும், அங்கே அவசரப்பட்டால் வார் போய்விடும் என்று அந்த நேரத்தில் தூங்காமல் இருந்தீர்கள். முதல் சூடு 1000 வரை, இரண்டாவது 1220 வரை. இரண்டு தடவையும் சூடு நன்றாகத் தணியும்வரை கதவைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். 24 அரை சென்டிமீட்டர் இருந்தது. வலது குதிகால் தேய்மானம் அப்படியே இருக்கிறது. ஆனால் அளவு பெரியவன் அளவு இல்லை. அவன் ஏழாம் வகுப்பில் போட்ட செருப்பு இந்த அளவுதான் இருக்கும். அந்த வருடம் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது நான். செருப்பைக் கையில் வாங்கியபோதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் எழுந்து போனேன். டீச்சர், 12 விழுக்காடு என்று சொன்னபோதே இது உங்களுக்குத் தெரியுமா? நேரில் கேட்கிறேன்.

இந்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வருகிறேன். அம்மாவின் ஜாடிக்குப் புதுக் காது செய்து ஒட்டிவிடலாமா என்று யோசித்தேன், சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதே. அதனால் புது ஜாடிக்கே மூன்று கிலோ மண் பிசைந்து ஈரச் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன். அம்மா அடுக்க, நான் திரி உருட்டித் தருகிறேன். துண்டையும் துவைத்து எடுத்து வருகிறேன், ஐயா.

அன்புடன்,
மேசைக் கடைசியில், வாளிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள்