விதையில்லா வத்தகை வாங்குவோருக்கு ஒரு விளக்கம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விதையில்லா வத்தகை கேட்டால், கூடவே சாதாரண வத்தகை விதையையும் ஏன் தலையில் கட்டுகிறீர்கள் என்று எங்கள் கிளிநொச்சிக் கடையில் பலர் கேட்கிறார்கள். பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறோம் என்று சந்தேகப்படுவோரும் உண்டு. அது அப்படியில்லை.

சாதாரண வத்தகையின் கலத்தில் 22 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள், பரம்பரை இயல்பைச் சுமக்கும் நுண்ணிழைகள்). பதினொன்றாக இரண்டு தொகுதி. நாற்றின் குருத்தில் கொல்கிசின் என்ற இரசாயனம் இட்டால் தொகுதி இரட்டித்து 44 ஆகும். (நம் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூக் கொடியிலும் இந்தக் கொல்கிசின்தான் இருக்கிறது. கொடிய நஞ்சு, வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்.) அந்த 44ஐச் சாதாரண 22உடன் கலந்தால், ஒவ்வொன்றும் தன் பாதியைக் கொடுக்க, பிறப்பது 33, அதாவது மூன்று தொகுதி. மூன்றில் ஒன்றுக்குச் சோடி கிடைக்காது. அதனால் மகரந்தமும் சூலும் கெட்டுப்போகும், விதை பிடிக்காது. பழத்துக்குள் மெல்லிய வெள்ளைத் தோல் மட்டும் மிஞ்சும்.

ஆனால் பிஞ்சு பருக்க நல்ல மகரந்தம் வேண்டும், அது இந்தக் கொடியிடம் இல்லை. இரண்டு வரிசைக்கு ஒரு வரிசை சாதாரண வத்தகை நடுங்கள். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும், பிறகு எங்களைத் திட்டிப் பயனில்லை. தோல் நிறம் வேறான இனமாகப் பார்த்துத்தான் தருகிறோம், அறுவடையில் பிரித்தெடுக்கலாம். பூக்கும் நாட்களில் காலையில் மருந்தடிக்க வேண்டாம், தேனீ வரும் நேரம் அது.

விலை அதிகம்தான். இரண்டு தாய்ச்செடிகளையும் பேணி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். 44 உள்ள செடி விதையும் குறைவாகவே தரும். நீங்கள் நடும் இந்தக் கலப்பு விதையின் தோல் தடிப்பு. நாற்றுத் தட்டை வெதுவெதுப்பாக வையுங்கள், தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். முளையில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் நனைத்து மெதுவாகக் கழற்றுங்கள்.

இந்த வித்தையைச் செய்து காட்டியவர் ஜப்பானிய மரபியல் ஆய்வாளர் கிஹாரா. அவர் முதலில் ஆராய்ந்தது கோதுமையை. பாண் மாவுக்கான கோதுமையில் மூன்று புல்லினங்களின் நிறமூர்த்தங்கள் சேர்ந்து ஆறு தொகுதி, மொத்தம் 42. தொகுதி கூடினாலும் இரட்டைப்படை, எல்லாவற்றுக்கும் சோடி உண்டு, மணி பிடிக்கிறது.

கச்சானும் அப்படித்தான்: நாலு தொகுதி, 40. ஆகவே முல்லைத்தீவுப் பக்கத்தார் கச்சான் விதையை வழமைபோல எடுத்துவைக்கலாம். நாம் நடும் வாழைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதிக்காரர், அதுதான் குட்டி பிரித்து நடுகிறோம்.

சிறுபோகத்துக்கு விதையில்லா வத்தகை வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எத்தனை பரப்பு என்று சொன்னால் இரண்டு விதையையும் கணக்காகப் பிரித்துத் தருவோம்.