ஒக்டோபரில் உன் வளவுக்கு வருபவை

ஸ்காபரோ
செப்டெம்பர் 14

என் அன்புக் குஞ்சுவுக்கு,

நீ அனுப்பிய படத்தை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும் மில்க்வீட் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாய். முகம் மெலிந்துவிட்டது. "அம்மா, நானும் உங்களைப் போல மொனார்க் வண்ணத்துப்பூச்சி வளர்க்கப் போகிறேன்" என்று கீழே எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தச் செடியைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தொலைபேசியில் சொன்னால் அம்மா வழமை போலக் குறை பிடிக்கிறாள் என்று நினைப்பாய். எழுத்தில் என்றால் ஆறுதலாக வாசிப்பாய்.

மொனார்க்கின் புழு மில்க்வீட் இலையைத்தான் தின்னும். நீ வாங்கியது அதில் வெப்பமண்டல வகை. கடைகளில் அதுதான் சுலபமாகக் கிடைக்கும், அழகும் அதற்குத்தான் கூட. இங்கே கனடாவில் நட்டால் முதல் கடும் பனியோடு செத்துப்போகும். டெக்சாஸில், உன் ஒஸ்டினில் அது முழுதாகச் சாகாது; கடும் குளிர் இல்லாத பனிக்காலங்களில் பச்சையாகவே நிற்கும். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. மொனார்க்குகளின் உடம்பில் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் தாயின் வயிற்றுச் செதில்களில் ஒட்டியிருந்து, அவள் முட்டையிடும்போது இலையிலும் முட்டையிலும் உதிர்கின்றன. பொரித்த புழு அவற்றைத் தின்கிறது. கூட்டுக்குள் இருக்கும் காலத்தில் அவை பெருகுகின்றன. வெளியே வரும் வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகு விரியாது. விரிந்தாலும் நெடுந்தூரம் பறக்கப் பலம் இருக்காது. அந்த மண்ணுக்கே உரிய மில்க்வீட் வகைகள் பருவம் முடிந்ததும் வாடி, அடுத்த வசந்தத்தில் புதுத் தளிர் விடுகின்றன. பழைய இலையோடு வித்துகளும் போய்விடும். உன் செடியில் அவை மாதக்கணக்காகச் சேர்ந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, இலையுதிர்காலத்தில் மொனார்க்குகள் பனிக்காலம் கழிக்க மெக்சிக்கோவுக்குப் போகிற வழியில் அந்தப் பச்சையைக் கண்டு சில அங்கேயே தங்கி முட்டையிடத் தொடங்கிவிடுகின்றன. இனப்பெருக்கத்தை வசந்தம்வரை ஒத்திவைத்துக்கொண்டு போகவேண்டிய தலைமுறை அது.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. 2019ஆம் ஆண்டு எங்கள் பேஸ்மென்டில் என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுவதும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு முன் தொடக்கத்தைச் சொல்ல வேண்டும்.

2015 யூலையில் அப்பா பின்வேலியோரக் களையைப் பிடுங்கிக்கொண்டு நின்றார். மில்க்வீட் அதற்கு முந்தின ஆண்டுவரை இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் தீங்கான களைகளின் பட்டியலில் இருந்த செடி. அவர் ஒரு தண்டை முறித்தபோது பால் வடிந்து என் விரலில் ஒட்டியது. குனிந்து பார்த்தால், இலையின் கீழே கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையம் போட்ட ஒரு புழு. குஞ்சு, எனக்கு அந்த இடத்திலேயே ஊர்க் கிணற்றடி வந்து நின்றது. வேலிக்கு வெளியே இருந்த எருக்கலையில் இதே போன்ற புழுக்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அம்மம்மா பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கலம் பூப் பறிக்க அனுப்புவார். "பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், கவனம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவார்.

எருக்கலையும் மில்க்வீட்டும் ஒரே குடும்பம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் நான் கண்ட வண்ணத்துப்பூச்சி மொனார்க்கின் நெருங்கிய சொந்தம். தமிழ்நாட்டில் அதற்கு வெந்தய வரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் புழுவுக்கு உடம்பில் மூன்று சோடிக் கொம்புகள். மொனார்க்குக்கு இரண்டு சோடி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுமே அந்தப் பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துத்தான் பறவைகளிடமிருந்து தப்புகின்றன. பல ஆண்டுகளாக இந்த ஊரில் ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர் படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஏற்கனவே தெரிந்த ஒன்று பின்வளவில் தானாக வந்து நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வரவில்லை.

அன்று அப்பாவைப் பிடுங்க விடவில்லை. நுளம்பு வலையில் கூடு தைத்தேன். முட்டை குண்டூசித் தலையளவுதான் இருக்கும், இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக இட்டிருக்கும். நான்கு நாளில் பொரிக்கும் புழு, முதலில் தன் முட்டைக் கோதையே தின்னும். இரண்டு கிழமைக்குள் நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோது இருந்த எடையைப் போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு ஆகிவிடும். இரவில் வீடு அடங்கியபின் கூட்டருகே காதை வைத்தால் இலை அரைபடும் சத்தம் கேட்கும். பிறகு ஒருநாள் சாப்பாட்டை விட்டுவிட்டு, கூரையில் பட்டுத் திரியால் ஒரு பொட்டு நெய்து, தலைகீழாகத் தொங்கும். கொம்புகள் துவண்டு முறுகத் தொடங்கினால் அப்பால் போகக் கூடாது, சில நிமிடங்கள்தான். முதுகு பிளந்து, தோல் மேலே சுருண்டு, உள்ளேயிருந்து பச்சை நிறத்தில் ஈரமான ஒன்று நெளிந்து நெளிந்து வரும். அந்தக் கடைசித் தோலை உதறிவிட்டு, விழாமல் தன் காம்பைப் பட்டுப்பொட்டில் கொளுவ வேண்டும். எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தக் கணத்தில் என் கை தானாக நீளும். சற்று நேரத்தில் அது இறுகி, இளம்பச்சைக் குமிழாகிவிடும். அதன்மேல் மினுங்கும் புள்ளிகளைப் பொன் புள்ளி என்று சும்மா சொல்லவில்லை; தாலிக்கொடியில் இருக்கும் அதே மினுக்கம்.

அந்த மகிழ்ச்சியில்தான் தவறு செய்தேன். காட்டில் நூறு முட்டையில் பத்துக்கூட வண்ணத்துப்பூச்சி ஆவதில்லை. எறும்பு, சிலந்தி, குளவி. ஒரு வகை ஈயின் புழுக்கள் உள்ளேயிருந்து தின்றுவிட்டு வெள்ளை நூல் போன்ற இழையில் இறங்கும். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் படர்ந்திருக்கும் டாக் ஸ்ட்ராங்லிங் என்ற கொடியில் ஏமாந்து இட்ட முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் பட்டினியால் சாகும். இதையெல்லாம் அறிந்தபின் எந்த முட்டையையும் வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. 2019இல் அறுபதுக்கு மேல் பேஸ்மென்டில் வைத்திருந்தேன், குழாய் விளக்கின் கீழ், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகள் அடுக்கி. ஓகஸ்ட் கடைசியில் புழுக்கள் கறுத்து, ஒழுகித் தொங்கின. கூட்டிலிருந்து வந்தவற்றில் பல, கசக்கிய கடதாசி போன்ற சிறகோடு தரையில் ஊர்ந்தன. அப்பா வேலையால் வந்தபோது நான் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரே இடத்தில் நெருக்கி வைத்ததால் நோய் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவியது. நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் செய்தது அது.

அதே ஆண்டில்தான் வேறொரு செய்தியும் வாசித்தேன். சிக்காகோவில் ஆய்வாளர்கள் இலையுதிர்காலத்தில் வீட்டுக்குள் வளர்த்த மொனார்க்குகளைப் பறக்கும் திசை அறியும் கருவியில் வைத்துப் பார்த்தபோது, அவை தெற்கு நோக்கித் திரும்பவில்லையாம். மொனார்க் சூரியனைப் பார்த்துத் திசை அறிகிறது. பகலில் சூரியன் இடம் மாறுவதைச் சரிசெய்ய அதன் உணர்கொம்புகளில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பகல் குறுகுவது, இரவு குளிர்வது, இலை முற்றுவது எல்லாம் உடம்பில் பட்டுத்தான் அது பயணத்துக்குத் தயாராகிறது. என் பேஸ்மென்டில் குளிரும் இல்லை, சூரியனும் இல்லை.

இனி இதைச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில் உன் மாமாவின் கை என் கையிலிருந்து விடுபட்டுப்போனது. அவருக்கு அப்போது ஒன்பது வயது. மறுநாள் மத்தியானம் சாவகச்சேரியில் கண்டுபிடித்தோம். அந்த ஓர் இரவு என் கையை விட்டு இன்னும் போகவில்லை. உன்னைப் பத்தாம் வகுப்புவரை தனியே பஸ்ஸில் ஏறவிடாததற்கும், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடாததற்கும், விமான நிலையத்தில் "வழி தெரியாத ஊரில் தனியே போய் என்ன செய்யப்போகிறாய்" என்று சொல்லிவிட்டு முகம் திருப்பிக்கொண்டு நின்றதற்கும் அதுதான் காரணம். நீ திரும்பிப் பார்த்ததை நான் கண்ணாடியில் கண்டேன். நான் திரும்பவில்லை. அதற்காக வருந்துகிறேன், குஞ்சு. நான்கு ஆண்டுகளாக இதைச் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.

2021இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். வளர்த்த மொனார்க்குகளின் உடம்பில் வானொலி அலை அனுப்பும் சின்னஞ்சிறு துண்டு ஒட்டி, வெளியே விட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களின் திசை அறியும் கருவிக்குள் தடுமாறிய அதே வளர்ப்புக் கூட்டம், திறந்த வானத்தின் கீழ் விட்டபின் ஏறக்குறைய முழுவதும் தெற்குப் பக்கமாகவே போனது. அந்தக் கட்டுரையை அச்செடுத்து உன் அறை மேசையில் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் ஆண்டுக்கு ஏழெட்டுக்கு மேல் எடுப்பதில்லை. கூட்டை வெளியே மேப்பிள் நிழலில் தொங்கவிடுகிறேன். மழை படும், குளிர் படும். மற்ற முட்டைகளை இலையிலேயே விட்டுவிடுகிறேன். அதற்குப் பதிலாகச் செடி நடுகிறேன். முன்வளவுப் புல்லில் பாதியை எடுத்துவிட்டு, சதுப்பு மில்க்வீட்டும் செவ்வந்தி இனப் பூக்களும் நட்டிருக்கிறோம். மெக்சிக்கோ மலையில் அவை பனிக்காலம் கழிக்கும் காட்டின் பரப்பு 1996-97இல் 18 ஹெக்டேயருக்கு மேல். 2023-24இல் ஒரு ஹெக்டேயர்கூட இல்லை. என் ஏழெட்டு அந்தக் கணக்கை மாற்றாது. வழி நெடுகச் செடி நின்றால் மாறும். உன் ஊர் அந்த வழியின் நடுவில் இருக்கிறது.

உனக்கு இன்னொன்று தெரியுமா? அவை எங்கே போகின்றன என்று தேடிக் கண்டவர் ஃப்ரெட் ஏர்க்கார்ட்; நீ நான்கு ஆண்டுகள் படித்த, டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில்தான் பேராசிரியராக இருந்தார். 1937இல் அவர் தேடத் தொடங்கினார்; பிறகு மனைவி நோராவும் சேர்ந்து, சிறகில் முகவரித் துண்டு ஒட்டி, நாடெங்கும் ஆட்களைச் சேர்த்துத் தேடினார்கள். 1975 சனவரியில் அவர்களுக்காகத் தேடிய கென் ப்ரகரும் கத்தலீனா அகுவாடோவும் மெக்சிக்கோ மலைக்காட்டில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஏர்க்கார்ட் தானே மலையேறிப் போனபோது, பாரம் தாங்காமல் முறிந்து விழுந்த கிளையில் மினசோட்டாவில் ஒட்டிய துண்டோடு ஒன்று இருந்தது. அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். அந்தச் செடியை ஒக்டோபர் தொடங்குமுன் வேரோடு எடுத்துவிடு. மனம் வராவிட்டால் நிலத்தோடு ஒட்ட வெட்டி, பனிக்காலம் முழுவதும் துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இரு. உள்ளூர்ச் செடி விற்கும் நர்சரியில் அன்டிலோப் ஹார்ன்ஸ், கிரீன் மில்க்வீட் என்று கேள்; அவை உன் மண்ணின் வகைகள். மார்ச்சில் மெக்சிக்கோவிலிருந்து களைத்து வரும் தாய்கள் டெக்சாஸில்தான் முட்டையிட்டுவிட்டுச் சாகின்றன. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் யூனில் என் வேலிக்கு வந்து சேர்கின்றன. வேலியோரம் நிழலில் ஃப்ரொஸ்ட்வீட் நடு. அதன் வெள்ளைப் பூவில் ஒக்டோபர் முழுவதும் தேன் குடிக்க வருவார்கள்.

நேற்று முன்தினம் ஒரு பெண்ணை விட்டேன். பின்சிறகில் எண் ஒட்டியிருக்கிறது. அந்த எண்ணை இந்தக் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என் விரலில் நெடுநேரம் இருந்து, பிறகு பக்கத்து வீட்டு மேப்பிளில் போய் இருந்து, அங்கிருந்து எழும்பிக் கூரைக்கு மேலால் வாவிப் பக்கம் போனாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உன் வளவுக்கே வருவாள் என்று நான் சொல்லவில்லை. எண் ஒட்டியது எதையாவது கண்டால் பிடிக்காதே, படம் எடுத்து எனக்கு அனுப்பு.

செடியை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள். பால் கண்ணில் படக்கூடாது, கவனம்.

அன்புடன்,
அம்மா