நம் வாவிக்கும் ஒரு சித்திர வரைபடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் பழைய சித்திரச் சுற்றுலா வரைபடங்கள் பற்றி வந்த கட்டுரையை விரும்பி வாசித்தேன். ஏரிப் பிரதேசங்களுக்கென்று ஒரு காலத்தில் கையால் வரைந்து விற்ற அந்தப் படங்களைப் பற்றி நம்முடைய பத்திரிகைகளில் எழுதுவோர் குறைவு. ஆனால் சித்திர வரைபட ஓவியர் ஹைன்ரிஷ் பெரானின் பெயர் அதில் எங்குமே வராதது பெரிய குறை. மட்டக்களப்பில் இருந்து வாசிக்கிறவனுக்கு அவர்தான் மிகவும் வேண்டியவர்.

பெரான் 1915இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் பிறந்தவர். 1934இல் குரோஸ்குளோக்னர் மலைச்சாலைக்காக வரைந்த படத்தோடு அவருடைய பயணம் தொடங்கியது. 1999இல் இறந்த அவர், அதன்பின் பல தசாப்தங்களாக மலையும் பள்ளத்தாக்கும் ஏரியுமாக எத்தனையோ ஊர்களை உல்லாசப் பயணிகளுக்காகத் தூரிகையால் வரைந்தார். 1967இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையோடு வந்த இந்து சமுத்திரத் தரைப் படமும் அவர் தீட்டியதுதான். அமெரிக்கக் கடலாய்வாளர்கள் புரூஸ் ஹீசனும் மேரி தார்ப்பும் சேர்த்த கடலின் ஆழ அளவுகளை அவர் மலைகளாகவும் பிளவுகளாகவும் கண்முன் எழுப்பிக் காட்டினார். நாம் தினமும் பார்க்கிற கடலின் அடியை உலகம் அப்படித்தான் பார்த்தது.

அவர் முதுமையில் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக வரைந்த படங்களில் யெலோஸ்டோன் படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வடக்கே வானத்தில் நின்று தெற்கு நோக்கிப் பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார். எங்கும் காடு, நடுவே நீலமாக விரிந்த பெரிய ஏரி, தூரத்தில் டீட்டன் மலைத்தொடர். உண்மையில் அந்தப் பக்கமிருந்து பார்த்தால் டீட்டன் அப்படித் தெரியாது. கிழக்கிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பழகிய முகம் தெரியட்டும் என்று மலைத்தொடரையே திருப்பி வைத்துவிட்டார். தேவைப்பட்ட இடத்தில் பள்ளத்தாக்கை அகலமாக்குவதும் சிகரத்தை உயர்த்துவதும் அவருடைய வழக்கம். அளவுகோலை வைத்துப் பார்த்தால் பிழை என்பார்கள். என்னைக் கேட்டால், ஒரு இடத்துக்குப் புதிதாக வருகிறவனுக்கு இதைவிடச் சரியான வரைபடம் இல்லை. எங்கே நின்றால் எது தெரியும் என்பதுதானே அவனுக்கு வேண்டும்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? இங்கே பயணிகளின் கைக்குக் கிடைக்கிற துண்டுப்பிரசுரங்களில் விடுதிகளும் உணவகங்களும் மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும். மட்டக்களப்பு வாவி வெறும் நீலப் பட்டை. அதில் ஒரு தோணிகூட இல்லை. பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் போகிறவர்கள் ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமான இந்த நீரைக் கடந்து போகிறோம் என்று அறியாமலேயே போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

பெரானின் வழியில் நம் வாவியை வரைவதென்றால் முதலில் வடக்கை மேலே வைக்கும் பழக்கத்தை விடவேண்டும். வாவி வடக்குத் தெற்காக நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. வழமையான தாளில் அது ஒரு கோடாகத்தான் விழும். கடலுக்கு மேலே நின்று மேற்கே பாருங்கள். தாளின் குறுக்கே வாவி முழுவதும் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொள்ளும். கீழே கடற்பக்கமான எழுவான்கரை, அதன் மணலும் தென்னையும். மேலே வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை, அதன் வயல்கள், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில், அதற்கும் பின்னால் குடும்பிமலை. அந்த மலையை நம்மவருக்குப் பழகிய முகத்தோடு கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் உயர்த்தி வைத்தால் பெரான் மறுப்புச் சொல்லமாட்டார்.

மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவைக் கொஞ்சம் பெரிதாக்கத்தான் வேண்டும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையைச் சிறு புள்ளியாக்கினால் யார் தேடிப் போவார்கள்? 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தையும் அதன் பக்கத்தில் பின்னர் வந்த புதிய பாலத்தையும் இரண்டாகவே காட்டவேண்டும். நிலா நாளில் வாவிக்குள்ளிருந்து எழுகிற, மீன் பாடுவதாகச் சொல்லப்படும் ஓசையைக் கேட்கப் பழைய பாலத்தடிக்குத்தான் போவார்கள். மண்முனைப் பாலம் 2014இல் வந்தது. அதற்குமுன் அங்கே ‘பாதை’ என்கிற மிதவைப் படகில்தான் கடந்தோம். குருமண்வெளி மண்டூர்ப் பாதையையும், அதில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிற ஆட்களையும் வரையாமல் விடக்கூடாது.

முகத்துவாரம்தான் வரைகிறவருக்குச் சோதனை. அங்கே கரை ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறும்போது மணலை வெட்டிவிடுவார்கள். உடைத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்குப் பாயும். கலங்கல் நீர் கடலுக்குள் பழுப்பாக நெடுந்தூரம் போவதைப் பாலமீன்மடுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். இதை எந்த அச்சு வரைபடமும் காட்டியதாக நான் காணவில்லை. மூலையில் இரண்டு சிறு படங்கள் போட்டால் போதும், ஒன்று மூடிய வாய், மற்றது திறந்த வாய். வீச்சுவலை எந்தக் கரையில் வீசுவார்கள், அத்தாங்கு என்கிற கைவலையோடு இறாலுக்கு எங்கே இறங்குவார்கள், கண்டல் எந்தப் பக்கம் இன்னும் அடர்த்தியாக நிற்கிறது என்பதையெல்லாம் தோணிக்காரர்களிடம் கேட்டு வரையவேண்டும். செய்மதிப் படத்தில் இவை கிடைக்கா.

வரைய ஆளில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சித்திரம் படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுத்து, பெயரையும் படத்தின் ஓரத்தில் தெளிவாகப் போடவேண்டும். பெரான் தன் படங்களில் கையெழுத்து வைத்தார். ஊர்ப் பெயர்கள் முதலில் தமிழில் வரட்டும், அப்புறம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.

உங்கள் பத்திரிகை இதற்கொரு அழைப்பு விடுத்தால், வரைய முன்வருகிறவர்களைப் படுவான்கரைத் தோணிக்காரர்களிடம் கூட்டிப்போகும் பொறுப்பை நானும் இங்குள்ள நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம். மாரி தொடங்குவதற்குமுன் என்றால் வாவியில் சுற்றுவது சுலபம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு