டிசம்பரில் தவறிப்போகும் படங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். 2003-ல் தொடங்கிய சென்னை சர்வதேசத் திரைப்பட விழா பெரும்பாலும் டிசம்பரில்தான் நடக்கிறது. படப் பட்டியல் வந்ததும் ஈரான் படம் ஒன்று, கொரியப் படம் ஒன்று என்று பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். அப்புறம் நடப்பதே வேறு. அதே வாரத்தில் மகனுக்கு அரையாண்டுத் தேர்வு, அம்மாவுக்குக் கண் பரிசோதனை, மழைத்தண்ணீர் வடியாத தெரு, போதாக்குறைக்கு வீட்டு மோட்டாரும் ரிப்பேர். போன முறை எப்படியோ ஒரே ஒரு படத்துக்குப் போய் உட்கார்ந்தேன், முடிய இன்னும் 20 நிமிடம் இருக்கும்போது வீட்டிலிருந்து போன், எழுந்து ஓடினேன். அந்தப் பெண் ஊர் திரும்பினாளா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஓடிடியில் வருமே என்கிறார்கள். வருவது சில, வராதவை நிறைய.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வேலைகளும் என்னுடையவைதான். ஆனால் அலுவலகம் போகிறவர்களும் வீட்டுப் பொறுப்பில் இருப்பவர்களும் பகல் காட்சிக்கு எப்படி வருவது? விழாவில் நல்ல வரவேற்பு பெற்ற படங்களில் நாலைந்தையாவது ஜனவரியில் சனி, ஞாயிறு மாலைகளில் மறுபடி திரையிட்டால், கட்டணம் கட்டி முதல் ஆளாக வந்து நிற்பேன்.

– ஒரு வாசகர், தாம்பரம்