முதலில் பார்க்கிங்கைப் பார்

ஈடன் பிரெய்ரி, மினசோட்டா

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார்கள் என்றதும் பாதி நிம்மதி. மீதிப் பாதியை நீயே கெடுத்துவிட்டாய். பையன் கோயம்புத்தூர் சத்தி ரோட்டுப் பக்கம் வரப்போகிற மாலில் குழந்தைகள் துணிக்கடை எடுக்கிறானாம், அட்வான்ஸுக்கு அன்னூர் இடத்தை விற்கச் சொல்கிறானாம். "உங்க ஊர்ல மாலெல்லாம் செத்துப் போச்சாமே, நெசமாடா?" என்று கேட்கிறாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து நீதான் பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

செத்தது நிஜம்தான், ஆனால் எல்லாம் இல்லை. கிளீவ்லாந்து பக்கம் ராண்டல் பார்க் என்று ஒரு மால், 1976இல் திறந்தபோது உலகத்திலேயே பெரிசு என்று விளம்பரம் செய்தார்கள். அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் 2018இல் அமேசான் கிடங்கு வந்தது. டெக்சாஸ் ஆஸ்டினில் ஹைலேண்ட் மால் இப்போது கல்லூரி. இதெல்லாம் யூடியூபில் நீயே பார்த்திருப்பாய். இடிந்த கூரையையும் காய்ந்த நீரூற்றையும் காட்டி வியூஸ் வாங்குகிறார்கள். சாகாமல் ஆளே மாறிப்போன மால்களை யாரும் படம் எடுப்பதில்லை. உன் பையனுக்குப் பாடம் இருப்பது அங்கேதான்.

அப்படி ஒன்று என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஈடைனா என்ற ஊரில் இருக்கிறது. சவுத்டேல் என்று பெயர். குளிர்காலத்தில் என் வீட்டுக்காரி காலை நடைக்கு அங்கேதான் போகிறாள். கடை திறக்குமுன்பே கதவைத் திறந்துவிடுவார்கள். ஷட்டரெல்லாம் இறங்கியிருக்கும், வெள்ளை ஷூ போட்ட தாத்தா பாட்டிகள் மாடி வராண்டாவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வ.உ.சி. பார்க்கில் வாக்கிங் போகிற கூட்டம் மாதிரியேதான், அருகம்புல் ஜூஸ் மட்டும் கிடையாது.

அமெரிக்காவில் நாலு பக்கமும் மூடி, ஏ.சி. போட்டுக் கட்டிய முதல் புறநகர் மால் அதுதான். திறந்தது 1956 அக்டோபர் 8. கட்டச் சொன்னது மினியாபொலிஸில் டேட்டன்ஸ் என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்திய டேட்டன் குடும்பம். இவர்கள் கம்பெனிதான் 1962இல் டார்கெட் கடையை ஆரம்பித்தது. வரைந்து கொடுத்தவர் விக்டர் குரூவன், ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைந்த 1938இல் அங்கிருந்து தப்பி வந்த யூதக் கட்டிடக் கலைஞர். இங்கே குளிரும் வெயிலும் போக, நிம்மதியாகக் கடைக்குப் போக வருஷத்தில் 126 நாள்தான் தேறும் என்று டேட்டன்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்களாம். கூரை போட்டால் 365 நாளும் வியாபாரம். ஜனவரியில் ஒரு தடவை வந்து பார், அந்தக் கணக்கை நீயும் ஒப்புக்கொள்வாய்.

எட்டு லட்சம் சதுர அடி, 72 கடை, 5,200 கார் நிறுத்த இடம். இந்த மூன்றாவது எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள். ஆயிரம் சதுர அடி கடைக்கு ஆறரை கார். ஒரு கார் நிற்க, உள்ளே வர, திரும்ப என்று சேர்த்தால் 300 சதுர அடிக்குக் குறையாது. அப்படியானால் கடைகளின் மொத்தப் பரப்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெறும் தார். மாலுக்குச் சுற்றிலும் பார்க்கிங் என்று நாம் நினைக்கிறோம். பிளானை விரித்துப் பார்த்தால் பார்க்கிங்குக்கு நடுவில்தான் ஒரு மால் இருக்கும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பாய். கிறிஸ்துமஸுக்குத்தான். வருஷத்தின் கூட்டமான மணி நேரங்களை வரிசைப்படுத்தி, இருபதாவது இடத்தில் வரும் மணி நேரத்தில் எத்தனை கார் நிற்குமோ அத்தனைக்கு இடம் விட வேண்டும் என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. நம்மூர் பாஷையில் சொன்னால், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை வைத்து வருஷம் முழுக்கத் திட்டம் போடுவது. நகராட்சிகளும் இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் என்று சட்டமே போட்டுவிட்டன. இங்கே பனி கொட்டினால் லோடர் வண்டி வந்து பார்க்கிங்கின் ஒரு மூலையில் குவித்துவிட்டுப் போகும். ரெண்டு ஆள் உயரத்துக்கு அழுக்குப் பனி மலை, மார்ச் வரைக்கும் கரையாது. எத்தனையோ கார் இடத்தை அது விழுங்கிக்கொண்டு நிற்கும், யாரும் கவனிப்பதுகூட இல்லை. எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

சரி, கடைகளுக்கு வருகிறேன். மாலில் ரெண்டு ஜாதி உண்டு. மூலையில் பிரம்மாண்டமாக நிற்கும் ஆங்கர் கடை, நடுவில் வராண்டாவின் ரெண்டு பக்கமும் சின்னக் கடைகள். நம்மூர் மால்காரர்கள் சின்னக் கடையை வெனிலா ஸ்டோர் என்பார்கள், உன் பையனுக்கே தெரிந்திருக்கும். சவுத்டேலில் டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்று ஒரே ஊரின் ரெண்டு போட்டிக் கடைகளை ஒரே கூரைக்கு அடியில் நிறுத்தினார்கள். இதிலிருந்து அதற்கு நடக்கிற ஜனம் வழியில் சின்னக் கடையில் வாங்கும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டை நம்பி டீக்கடை நடக்கிற மாதிரி. அதனால் ஆங்கருக்கு வாடகை அடிமாட்டு விலை, பல இடங்களில் நிலமே கிட்டத்தட்ட இனாம். மாலின் செலவையும் லாபத்தையும் சுமப்பது சின்னக் கடைக்காரன்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனமாகப் படி. அமெரிக்க மால்கள் பலவற்றில் ஆங்கர் கடைக்காரன் வாடகைக்காரனே இல்லை. தன் கட்டிடமும் அதைச் சுற்றிய பார்க்கிங்கும் அவன் சொத்து. மால் முதலாளியோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருப்பான்: இத்தனை கார் இடம் குறையக் கூடாது, ரோட்டிலிருந்து என் போர்டு மறையக் கூடாது, என் கையெழுத்து இல்லாமல் பார்க்கிங்கில் புதுக் கட்டிடம் எழும்பக் கூடாது. நாற்பது ஐம்பது வருஷம் இந்தப் பூட்டு தொங்கியது. தார் மைதானம் காலியாகக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும், கை வைக்க முடியாது.

பிறகு ஆங்கர்களே விழுந்தார்கள். நாடு முழுக்க மால்களில் ஆங்கராக நின்ற பெரிய கடைகளில் சியர்ஸ் 2018 அக்டோபரில் திவால், ஜேசி பென்னி 2020 மேயில் திவால். சவுத்டேலில் டேட்டன்ஸ் 2001இல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆனது, 2006இல் மேசீஸ் ஆனது. பெயர்ப்பலகைதான் மாறியது, விற்றது அதே சட்டையும் சென்ட்டும். ஆனால் அங்கிருந்த ஜேசி பென்னி போன பிறகு நடந்தது வேறு விஷயம். கட்டிடத்தை இடித்தார்கள், 2019 டிசம்பரில் அங்கே லைஃப் டைம் என்கிற மூன்று மாடி ஜிம் திறந்தது. கூடவே வாடகைக்கு ஆபீஸ் மேசைகள். எங்கள் ஊர் மாலில் சியர்ஸ் இருந்த இடத்துக்கு ஷீல்ஸ் என்று விளையாட்டுச் சாமான் கடை வந்திருக்கிறது, கடைக்குள்ளேயே ராட்டினம் சுற்றுகிறது. துப்பாக்கியும் தூண்டிலும் வாங்க வருகிற அப்பன் பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுப் போகிறான்.

ஜிம்மும் மாலும் என்ன சம்பந்தம் என்று முதலில் எனக்கும் எரிச்சல்தான். யோசித்தால் எல்லாம் பார்க்கிங் கணக்கு. ஜிம்முக்கு வருகிறவன் விடிவதற்குள் வந்துவிட்டுப் போய்விடுவான், அப்புறம் சாயங்காலம் ஒரு கூட்டம். ஆபீஸ் மேசைக்காரன் பகலில் நிறுத்துவான். ஓட்டலுக்கு இரவு. துணிக்கடைக்கு சனி ஞாயிறு. ஒரே கார் இடத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கார். அப்படி ஓடும்போது 5,200 இடம் தேவையில்லை, மிச்சத்தில் கட்டலாம். சவுத்டேலின் பார்க்கிங் ஓரத்தில் 2014வாக்கில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. பிறகு ஓட்டல் வந்தது, பெரிய மேசை நாற்காலிக் கடை ஒன்று தனிக் கட்டிடமாக வந்தது. பக்கத்தில் மினியாபொலிஸ் நகரம் 2021இல் இத்தனை கார் இடம் விட்டே தீர வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. குரூவன் 1950களில் போட்ட திட்டமே இதுதான். மாலோடு சேர்த்து 463 ஏக்கரில் வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஏரி என்று ஒரு சின்ன நகரமே வரைந்து கொடுத்தார். அவர் ஊர் வியன்னாவில் நடுத்தெருவில் உட்கார்ந்து காபி குடிப்பார்களே, அதை இங்கே கூரைக்கு அடியில் கொண்டுவர நினைத்தார். முதலாளிகள் மால் கட்டிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றிலும் தார் ஊற்றினார்கள், நாடு முழுக்க அதையே நகல் எடுத்தார்கள். மனிதர் வெறுத்துப்போய் வியன்னாவுக்கே திரும்பி, இந்த மால்களுக்குத் தகப்பன் நான் இல்லை என்று கடைசிக் காலத்தில் சத்தம் போட்டார். 1980இல் செத்துப்போனார். இப்போது அதே முதலாளி வர்க்கம் பார்க்கிங்கில் வீடு கட்டி, "புதுக் கண்டுபிடிப்பு" என்று பிரசுரம் அச்சடிக்கிறது.

உள்ளே அமைப்பும் மாறுகிறது. முன்பெல்லாம் மாலுக்கு வெளிப்பக்கம் மொட்டைச் சுவர், கடை வாசலெல்லாம் உள்ளே வராண்டாவைப் பார்த்து. இப்போது சாப்பாட்டுக் கடைகளுக்கும் பெரிய கடைகளுக்கும் பார்க்கிங்கைப் பார்த்துத் தனிக் கதவு வைக்கிறார்கள். ஆன்லைனில் வாங்கியதை எடுத்துப்போக வாசலருகே தனிக் கட்டம், கரண்ட் கார் சார்ஜ் போட இன்னொன்று. வசதிதான். ஆனால் நேராக வந்து நேராகப் போகிறவன் வராண்டாவில் நடப்பதில்லை. உள்ளே இருக்கிற சின்னக் கடைக்காரன் தலையில்தான் துண்டு விழுகிறது. எங்கள் பக்கம் ஒரு மாலில் மாடிக் கடைசியில் கடை வைத்திருந்த குஜராத்தி நண்பர் ஒருவர், அந்தப் பக்கத்துப் பெரிய கடை மூடியதும் எஸ்கலேட்டரை நிறுத்திவிட்டார்கள் என்று புலம்பினார். ஆங்கர் போனால் வாடகை குறையும் என்ற ஷரத்தை அக்ரிமென்டில் கேட்டு வாங்காததால் முழு வாடகையும் கட்டிக்கொண்டிருந்தார். விவரம் தெரிந்த பெரிய பிராண்டுகள் அந்த ஷரத்து இல்லாமல் கையெழுத்தே போடாது.

இப்போது உன் பையன் விஷயம். நம்மூரில் நிலைமை வேறு. தார் மைதானம் கிடையாது, பேஸ்மென்ட்தான், அதற்கும் மணிக்கணக்கில் காசு. பாதிக்கு மேல் டூவீலர். ரோட்டைப் பார்த்த கண்ணாடி வாசல் போட்டோவுக்கு அழகாக இருக்கும், ஜனம் உள்ளே வருவது பேஸ்மென்ட் லிஃப்ட் வழியாக. அதனால் கடை எந்தத் தளம், எத்தனை சதுர அடி என்று கேட்பதற்கு முன்னால் லிஃப்ட் எங்கே திறக்கிறது, டூவீலர்காரன் எந்தப் படியில் ஏறி வருகிறான் என்று பிளானில் விரல் வைத்துக் காட்டச் சொல். முந்நூறு ரூபாய் ஜட்டி பனியன் வாங்க வருகிற அம்மா பார்க்கிங் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தால் அடுத்த தடவை கிராஸ்கட் ரோட்டுக்கே போய்விடுவாள். மால் அலுவலகம் பில்லுக்குப் பார்க்கிங் கழித்துக் கொடுக்குமா என்று எழுத்தில் வாங்கட்டும்.

ஆங்கர் யார்? சூப்பர் மார்க்கெட்டும் தியேட்டரும் கையெழுத்துப் போட்டாயிற்றா, இல்லை "பேசிக்கிட்டு இருக்கோம்" என்கிறார்களா? மினிமம் கேரண்டி, அதாவது விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய வாடகை எத்தனை, விற்பனையில் பங்கு எத்தனை சதவீதம், மெயின்டெனன்ஸ் வருஷா வருஷம் ஏறுமா, தியேட்டர் திறக்கும்வரை வாடகை பாதியா? இன்னொன்று, இதை யாரும் படிப்பதில்லை: மால் நிர்வாகம் நினைத்தால் கடையை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அஞ்சு வருஷத்தில் அவர்கள் உள்ளமைப்பை மாற்றுவார்கள், கட்டாயம் மாற்றுவார்கள். அப்போது இவன் போட்ட மர வேலைக்கும் லைட்டுக்கும் யார் காசு கொடுப்பது? கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்ட பழைய காம்ப்ளெக்ஸ்களில் நூறு முதலாளி ஒத்துவராமல் ஒரு குழாயைக்கூட மாற்ற முடியாது. அந்தத் தொல்லை இங்கே இல்லை, ஒரே முதலாளி. ஆனால் ஒரே முதலாளி என்றால் எல்லாம் அவன் இஷ்டம்.

அன்னூர் இடத்தை விற்காதே. என் அபிப்பிராயம் கேட்டாய், சொல்லிவிட்டேன். பேங்கில் கிடைக்கிற அளவுக்குக் கடன் வாங்கி, கேட்டதில் பாதி அளவு கடை எடுக்கட்டும், லாக்-இன், அதாவது நடுவில் காலி செய்ய முடியாத காலம், மூன்று வருஷத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். பையன் கெட்டிக்காரன், திருப்பூர் சரக்கின் தரம் அவனுக்குத் தெரியும். மால்காரன் தரம்தான் இன்னும் தெரியாது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் காலேஜில் ரெண்டாம் வருஷம், தமிழ்ப் பள்ளியில் வாரம் ஒரு நாள் பாடம் எடுக்கிறாள், "மாமா" என்று உன்னை விசாரித்தாள். தங்கச்சிக்கு சுகர் எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை, அதைத் தனியாக எழுது. அக்ரிமென்ட் நகலும் பேஸ்மென்ட் பிளானும் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ஓரம் வெட்டுப்படாமல் எடுக்கட்டும், பொடி எழுத்தெல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். கையெழுத்து அதுவரை வேண்டாம்.

அன்புடன்,
உன் மாப்ளே