ஊசிக்கு முன்னால் ஸ்கேன் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுபதைத் தாண்டிய ஆண்கள் புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுப்பது எங்கள் செங்கோட்டைப் பக்கம் இப்போது சகஜமாகிவிட்டது, நல்ல விஷயம்தான். ஆனால் அளவு 4-க்கு மேலே போனதும் நேராக பயாப்சிக்கு, அதாவது ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க, அனுப்பிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் சரியில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் இந்தப் புராஸ்டேட் சுரப்பி வயசாகி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் பி.எஸ்.ஏ. கூடத்தான் செய்யும். அந்த ஊசியைக் குத்துவதற்கு முன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டு, பன்னிரண்டு இடத்தில் சதை எடுத்து, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டேதான் போனது. அப்புறம் ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால், சுரப்பியின் முன்பக்கத்தில் கட்டி! பின்னாலிருந்து போன ஊசி அந்த இடத்துக்கு எட்டவே இல்லை. டாக்டர் திரையிலேயே காட்டினார்: கரியைத் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு கறுப்புத் திட்டு, பக்கத்துப் படத்தில் அதே இடம் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. புற்றுநோய் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகள் நகர வழியிருக்காதாம், ஸ்கேன் பிடிப்பது அதைத்தான் என்றார். அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும், உள்ளே இருக்கும் கட்டி பெரும்பாலும் தெரியாது. சித்தப்பா இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. பிரிட்டனில் 576 ஆண்களை வைத்துச் செய்து 2017-ல் வெளியான புரோமிஸ் ஆய்வில், ஆபத்தான வகைப் புற்றுநோயில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது, பழைய முறை பயாப்சி பிடித்தது 48 சதவீதம்தான். ஸ்கேனை முதலில் எடுத்தால் கால்வாசிப் பேருக்கு ஊசியே தேவைப்படாது என்றும் அதே ஆய்வு சொன்னது.

மெஷின் குறைவு, கூட்டம் அதிகம் என்பார்கள், உண்மைதான். ஆனால் 2025-ல் வந்த பிரைம் ஆய்வு, படத்தில் வேறுபாடு எடுப்பாகத் தெரிய நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் எடுக்கும் சுருக்கமான ஸ்கேனும் முழு ஸ்கேன் அளவுக்கே கண்டுபிடிக்கிறது என்று காட்டியிருக்கிறது. முழு ஸ்கேனுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், இது பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். படம் தெளிவாக இருக்க வேண்டும், புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று படத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிற ரேடியாலஜி டாக்டருக்கு இதில் நல்ல பழக்கம் இருக்க வேண்டும், அது முக்கியம். எம்.ஆர்.ஐ.யும் சிலதைத் தவறவிடும் என்பதால், ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பி.எஸ்.ஏ. ஏறினால் விட்டுவிடக் கூடாது.

நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தச் சுருக்க ஸ்கேனுக்கென்று வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள சி.டி.யையும் நோயாளி கேட்காமலே கொடுக்க வேண்டும். புளியரை செக்போஸ்ட் தாண்டி கேரளத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இங்கே அதிகம், அங்கே டாக்டர்கள் முதலில் கேட்பது படத்தைத்தான். கையில் இல்லாவிட்டால் திரும்பவும் ஸ்கேன், திரும்பவும் செலவு.

இப்படிக்கு,
செங்கோட்டை வாசகர்