உத்தரவு கிடைத்துவிட்டது, அப்பா

ஆன்ஸ்ட்ரதர், ஸ்காட்லாந்து
நவம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். ஆயாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? தம்பியை இதை நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாளைக் காலை படகில் மே தீவுக்குப் போகிறேன், மூன்று வாரம் அங்கேதான் இருப்பேன். சிக்னல் சரியாகக் கிடைக்காது என்கிறார்கள். போன் வரவில்லையென்று அம்மா பயப்பட வேண்டாம்.

உத்தரவு கிடைத்துவிட்டது அப்பா.

போன மாதம் நீங்கள் கேட்டீர்கள்: "கடல்ல கெடக்கற பிராணியத் தொட்டுப் பாக்க ஒரு வருசமா உத்தரவு கேக்கற? அதுக்காவா கடன வாங்கி அனுப்புனோம்?" அழுகை வந்துவிட்டது, அதனால்தான் பாதியில் வைத்தேன். உங்கள் மேல் கோபமில்லை. பதிலைப் போனில் சொல்லத் தெரியவில்லை, இப்போது எழுதுகிறேன்.

இது சாம்பல் நிறக் கடல்நாய். ஒகேனக்கலில் பரிசல் துறைக்கு மேலே மீன் கவ்விக்கொண்டு ஓடுமே நீர்நாய், அந்த மாதிரி உடம்பு இல்லை. தாய் மட்டுமே 150 கிலோவுக்கு மேல் இருக்கும். இலையுதிர் காலத்தில் கரையேறி ஒரே ஒரு குட்டி போடும். பிறக்கும்போது வெள்ளை முடியோடு 14 கிலோ அளவில் இருக்கும் குட்டி, 18 நாள் மட்டும் பால் குடித்து 40 கிலோவைத் தாண்டிவிடுகிறது. நம் எருமைப் பாலில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கொழுப்பு என்று சொசைட்டியில் அளந்து எழுதுவார்கள் இல்லையா, இதன் பாலில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அத்தனை நாளும் தாய் எதுவும் சாப்பிடாது. தன் உடம்பைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் திரும்பிப் பார்க்காமல் கடலில் இறங்கிவிடும். அம்மா, இதை எழுதும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கடலில் இரை குறைந்து மெலிந்து வரும் தாயின் குட்டி என்ன ஆகிறது என்பதுதான் என் ஆய்வு. அதற்குக் குட்டியைப் பையில் வைத்துத் தராசில் தொங்கவிட்டு எடை போட வேண்டும், கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும், பின்துடுப்பில் எண் பொறித்த சின்ன வில்லை மாட்ட வேண்டும்.

தூரத்தில் நின்று தொந்தரவில்லாமல் பார்க்க எந்த உரிமமும் வேண்டாம். கை வைக்கத்தான் வேண்டும். இந்த நாட்டில் 1986-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பயிற்சி பெற்றவர் ஒழுங்காக ஓர் ஊசி போட்டால் எவ்வளவு வலிக்குமோ, அவ்வளவு வலியோ பயமோ ஆராய்ச்சிக்காக ஒரு விலங்குக்கு வந்தாலே அனுமதி வாங்க வேண்டும். நிறுவனத்துக்கு ஒன்று, ஆய்வுத் திட்டத்துக்கு ஒன்று, கையால் செய்கிறவருக்கு ஒன்று என்று மூன்று. திட்டத்துக்குக் கொடுப்பது அதிகபட்சம் 5 வருடம்தான். கடல்நாய்களையும் காக்கும் கடல் சட்டம் ஒன்று ஸ்காட்லாந்தில் 2010-இல் வந்தது, அது வேறு இருக்கிறது. தீவு இயற்கைக் காப்பகம், அதனால் அங்கே வேலை செய்யவும் தனியாகக் கேட்க வேண்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த எனக்கு மாட்டைப் பிடித்து ஊசி போடுவது கை வந்த வேலை. இங்கே அதற்கும் மறுபடி வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுதினேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குழு நம் திட்டத்தைப் படிக்கும். விலங்கு மருத்துவர் இருப்பார், அறிவியலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரும் எங்கள் குழுவில் இருந்தார். என் விண்ணப்பம் முதலில் அங்கிருந்துதான் திரும்பி வந்தது. நான் 40 குட்டி என்று எழுதியிருந்தேன். "ஏன் 40? இதே பதில் 20-இல் கிடைக்காதா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. நிறைய இருந்தால் நல்லது என்று போட்ட எண் அது. வாசனை மாறித் தாய் குட்டியைச் சேர்க்காமல் போனால் என்ன செய்வாய் என்பதற்கு "ஆய்வை நிறுத்துவோம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். எத்தனை நிமிடம் பார்ப்பாய், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அன்றைக்கு நீ அதை ஒப்புக்கொள்வாயா? இப்படி மூன்று பக்கம் கேள்வி. அதையெல்லாம் சரிசெய்வதற்குள் போன வருடக் குட்டிக் காலம் முடிந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க, மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் அறையில் உட்கார்ந்து, ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசித்தேன். எடின்பரோவிலிருந்து வாங்கி வந்த ராகி மாவில் களி கிண்டினால்கூட அம்மா கிண்டுகிற மாதிரி வரவில்லை.

பிறகு கணக்கை முதலிலிருந்து போட்டேன். 24 குட்டி போதும் என்று வந்தது. நன்றாக யோசித்துப் பாருங்கள் அப்பா, 16 குட்டிகளை நான் தேவையில்லாமல் பிடித்திருப்பேன். தாய் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க, பையில் போட்டுத் தூக்கியிருப்பேன். அந்த 16-ம் இனி என்னைப் பார்க்காமலே கடலுக்குப் போய்விடும். அந்தக் குழுவின் மேல் எனக்கு இருந்த வருத்தம் அன்றைக்கே போய்விட்டது.

நம் முனியப்பன் கோயிலில் செவலைக் கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது ஒன்பது வயது. அது உடம்பைச் சிலுப்பவே இல்லை. பெரியப்பா மறுபடி மறுபடி காதில் தண்ணீர் விட்டார். கூட்டம் நின்றது, பந்திக்கு அரிசி உலையில் கொதித்தது. நீங்கள் எழுந்து, "வேணாம் விடுங்க, உத்தரவு வரல" என்று சொல்லிக் கயிற்றை என் கையில் கொடுத்தீர்கள். அன்றைக்கு எத்தனை பேர் உங்களை ஏசினார்கள்! தண்ணீர் ஊற்றி நின்றால் இந்தக் கடல்நாய் எதையும் சொல்லாது, அதற்குப் பதிலாகத்தான் இங்கே மனிதர்கள் உட்கார்ந்து இத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எண்ணெய்க்கும் தோலுக்கும் இவற்றை அடித்துக் கொன்ற கரைதான் இது. குட்டி போடும் காலத்தில் கொல்லக் கூடாது என்று 1914-இல் சட்டம் போட்ட பிறகுதான் மெல்லப் பெருகின. தாத்தா காலத்தில் தடிக்குப் பயந்து ஓடியதன் வாரிசுகள் பக்கத்தில் நான் ஊசியோடு போகிறேன். கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

போன வாரம் பயிற்சிக்காகப் பாறை மறைவில் இருந்து பார்த்தேன். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குட்டி. தாய் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே இருந்தது. குட்டி குரல் கொடுத்தது, அப்படியே கைக்குழந்தை அழுகிற மாதிரி. அந்த முதல் முகர்தல்தான் அவற்றுக்கு அடையாளம். அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்திலேயே போக மாட்டோம், திட்டத்தில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா தன் கம்பளித் தொப்பியைக் கொடுத்திருக்கிறார், குளிருக்குப் பயமில்லை. கடன் தவணை 20-ஆம் தேதி போய்விடும், வங்கியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிலிகுண்டுலுவில் தண்ணீர் வரத்து குறைந்ததா? பரிசல் ஓட்டக் கலெக்டர் உத்தரவு வந்துவிட்டதா, இல்லை இன்னும் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் தீவிலிருந்து திரும்பியதும் கேட்பேன்.

அன்பு மகள்,
செல்வி